'அன்று' சேருமா என்று கேளுங்கள்

தமிழ்வழி வகுப்புகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கு,

உங்களிடம் படித்த பிள்ளைகள் வேலைக்கு வந்த பிறகு எழுதும் விண்ணப்பங்களையும் அலுவலகக் கடிதங்களையும் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. வாக்கியம் ஒழுங்காக இருக்கும், எழுத்துக்கூட்டல் சரியாக இருக்கும். தேதி வரும் இடத்தில் மட்டும் கை தடுமாறியிருக்கும். பிறந்த தேதிக்கு முன்னால் 'இன்', வேலையில் சேர்ந்த மாதத்துக்கு முன்னால் 'ஆன்', நேர்காணல் நடக்கும் கிழமைக்கு முன்னால் 'அட்'. சொல்ல வந்தது புரியாமல் போவதில்லை. ஆனால் படிக்கிறவர் அந்தச் சின்னச் சொல்லை வைத்தே 'இவருக்கு ஆங்கிலம் வராது' என்று முடிவு கட்டிவிடுகிறார். உழைத்துப் படித்து வந்த ஒரு பிள்ளைக்கு இப்படி நேரக் கூடாது என்பதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். தேதிக்கான பிரிப்பொசிஷன் நடத்தும்போது தமிழை வகுப்புக்கு வெளியே நிறுத்தாதீர்கள். தாய்மொழிப் பழக்கம் ஆங்கிலத்தைக் கெடுத்துவிடும் என்று ஆசிரியர் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 'தாய்மொழிக் குறுக்கீடு' என்று அதற்குப் பெயரும் உண்டு. உச்சரிப்பில், சொல்வரிசையில் அது உண்மையாக இருக்கலாம். தேதி விஷயத்தில் பெரும்பாலும் நேர்மாறு. ஆங்கிலம் எந்த இடத்தில் எந்தச் சொல்லை மாற்றுகிறதோ, கிட்டத்தட்ட அதே இடத்தில் தமிழும் மாற்றுகிறது. பிள்ளைக்கு அந்தப் பாகுபாடு பள்ளிக்கு வருவதற்கு முன்பே தெரியும். தனக்குத் தெரியும் என்பதுதான் தெரியாது.

'ஐந்து மணிக்கு வா' என்கிறோம். 'ஐந்து மணி அன்று வா' என்று யாரும் சொல்வதில்லை. 'பதினைந்தாம் தேதி அன்று விடுமுறை' என்கிறோம். 'ஆகஸ்டில் தேர்வு', '2010-இல் பிறந்தவள்' என்கிறோம். 'ஆகஸ்ட் அன்று', '2010 அன்று' என்றால் கேட்ட மாத்திரத்தில் காதில் உறுத்தும். கடிகாரத்துக்குக் 'கு', நாளுக்கு 'அன்று', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இல்'. இதே மூன்று இடங்களில்தான் ஆங்கிலம் 'அட்', 'ஆன்', 'இன்' என்று பிரிகிறது.

பிறகு ஏன் பிள்ளை தடுமாறுகிறது? பேச்சில் நாம் பாதியை விழுங்கிவிடுகிறோம். 'திங்கக்கிழமை வந்தான்', 'ஆவணி மாசம் கல்யாணம்', 'பத்தாம் தேதி சம்பளம்' என்று எந்த உருபும் இல்லாமலே வேலை நடந்துவிடுகிறது. கிழமையும் மாதமும் தேதியும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. அதனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது கையில் பிடிமானம் இருப்பதில்லை. விழுங்கிய பாதியை வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் 'அன்று' என்ற சொல். ஊர்ப் பேச்சில் 'அன்னிக்கு' என்று சொல்லிப் பார்த்தாலும் போதும். 'திங்கட்கிழமை அன்று' சேர்கிறதா? சேர்கிறது, 'ஆன்' போடு. 'ஆவணி மாதம் அன்று' சேர்கிறதா? சேரவில்லை, 'ஆன்' கிடையாது. பிறந்தநாள் அன்று, அமாவாசை அன்று, ஆடிப்பெருக்கு அன்று, திருமணத்தன்று: எல்லாவற்றுக்கும் 'ஆன்'.

பல இலக்கணக் கையேடுகள் தலைகீழ் முக்கோணம் ஒன்றைப் போட்டுக் காட்டுகின்றன. அகலமான மேல்தட்டில் 'இன்', நடுவில் 'ஆன்', கூர்முனையில் 'அட்'. காலம் பெரியதென்றால் இது, சிறியதென்றால் அது. கரும்பலகையில் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் தேர்வு அறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒவ்வொரு முறையும் காலத்தை அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 என்று கண்ணில் பட்டதும் அதில் நிற்கும் ஆண்டு இழுத்துவிடுகிறது. ஆண்டு பெரியது, ஆகவே 'இன்' என்று எழுதிவிடுகிறது. பிறந்த தேதியில் வரும் பிழைக்கு இதுதான் வேர் என்று நினைக்கிறேன். 'அன்று' சோதனையில் அளக்கும் வேலையே இல்லை. '1947 ஆகஸ்ட் 15 அன்று' என்று நாக்கு தானாகச் சொல்லிவிடும். '1947 ஆகஸ்ட் அன்று' என்று சொல்லாது. நாள் இருந்தால் 'ஆன்'. நாளை எடுத்துவிட்டு மாதமும் ஆண்டும் மட்டும் நின்றால் 'இன்'.

அந்த ஒரு நிகழ்ச்சியையே பாடமாக எடுத்துக்கொள்ளலாம். விடுதலை எப்போது வந்தது? இருபதாம் நூற்றாண்டில், 1947-இல், ஆகஸ்டில்: மூன்றுக்கும் 'இன்'. 15 அன்று: 'ஆன்'. நேரு அரசியல் நிர்ணய சபையில் பேசியது 14 அன்று இரவு. இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். இரவு என்று பொதுவாகச் சொன்னால் ஆங்கிலத்தில் 'அட் நைட்'. ஆனால் அது ஒரு குறிப்பிட்ட நாளின் இரவாக ஆனவுடன் 'ஆன்' வந்து 'அட்'டைத் தள்ளிவிடுகிறது: 'ஆன் தி நைட் ஆஃப் ஃபோர்ட்டீன்த் ஆகஸ்ட்'. 'இன் தி மார்னிங்' என்பதும் அப்படித்தான் 'ஆன் மண்டே மார்னிங்' ஆகிறது. இந்த இடத்தில் எத்தனையோ பேர் சறுக்குகிறார்கள், படித்தவர்கள் உட்பட. தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'காலையில்' என்பதில் 'அன்று' இல்லை, 'திங்களன்று காலை' என்பதில் இருக்கிறது. தொடருக்குள் எந்த இடத்தில் 'அன்று' நுழைந்தாலும் 'ஆன்'தான் தலைமை தாங்கும் என்று பிள்ளைக்குச் சொன்னால் முடிந்தது. கடிகார நேரம் மட்டும் தன் இடத்தை விட்டுக்கொடுக்காது. '15 அன்று காலை எட்டு மணிக்கு' என்பதில் தமிழில் இரண்டு உருபும் நிற்பதுபோல ஆங்கிலத்திலும் 'அட்' ஒரு பக்கம், 'ஆன்' ஒரு பக்கம் நிற்கும்.

பண்டிகைகள் என்னை உண்மையிலேயே வியக்கவைக்கின்றன. 'பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன்' என்கிறோம். 'பொங்கல் அன்று கோயிலுக்குப் போனோம்' என்கிறோம். முதலாவது அந்தப் பண்டிகைக் காலம், முன்னும் பின்னும் ஓரிரு நாள் சேர்த்து. இரண்டாவது அந்த ஒரு நாள். ஆங்கிலேயர்கள் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் இதே வேறுபாட்டைத்தான் காட்டுகிறார்கள்: பண்டிகைக் காலத்துக்கு 'அட் கிறிஸ்துமஸ்', அந்த நாளுக்கு 'ஆன் கிறிஸ்துமஸ் டே'. நம் 'கு' அங்கே 'அட்', நம் 'அன்று' அங்கே 'ஆன்'. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கொஞ்சம் சொந்தமாகிவிடும்.

இப்படி ஒத்துப்போவதில் பெரிய மர்மம் ஏதும் இல்லை. காலத்தை இடம்போலப் பேசுவது மொழிகளில் பரவலான பழக்கம். ஏழாம் வேற்றுமைக்குக் 'கண்' என்று பெயர் சொன்ன தொல்காப்பியர் இடத்தையும் காலத்தையும் ஒன்றாகவே அதன்கீழ் வைத்தார். பெட்டியில், மேசையில் என்று நடத்திய பாடத்துக்கும் ஆகஸ்டில், 2010-இல் என்று நடத்தப்போகும் பாடத்துக்கும் உறவு உண்டு என்பது தமிழாசிரியருக்குத் தெரிந்த செய்திதான். பக்கத்து வகுப்பறையில் இருக்கும் அவரையும் ஒருநாள் அழைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் கைவிடும் இடங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'இரவில்', 'நண்பகலில்', 'நள்ளிரவில்', 'விடியலில்' என்று நாம் எல்லாவற்றுக்கும் 'இல்' போடுகிறோம். ஆங்கிலம் இவை எல்லாவற்றுக்கும் 'அட்' கேட்கிறது. இங்கே நம் சிறுபொழுதுகள் உதவும். வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று ஆறையும் பலகையில் எழுதிப் பாருங்கள். காலையும் மாலையும் நீளும் பொழுதுகள், அவற்றுக்கு 'இன்'. விடிகிற வேளை, உச்சி, சூரியன் விழும் வேளை, நடுநிசி ஆகியவை ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் முனைகள், அவற்றுக்கு 'அட்'. நீளமான இரவுக்கு ஏன் 'அட்' என்று ஒரு பிள்ளை கேட்டால், அது ஆங்கிலத்தின் மரபு, அப்படியே மனப்பாடம் செய்துகொள் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, 'ஞாயிற்றுக்கிழமைகளில்' என்று பன்மை வந்தால் தமிழில் 'அன்று' ஒட்டாது. ஆங்கிலத்தில் 'ஆன் சண்டேஸ்'தான். பன்மையை ஒருமையாக்கிவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். வார இறுதிக்குப் பிரிட்டனில் 'அட்', அமெரிக்காவில் 'ஆன்'. இரண்டும் சரி, நம் பாடநூல்கள் பிரிட்டன் வழக்கில் இருப்பதால் 'அட்' எழுதலாம், 'ஆன்' எழுதியவருக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம்.

இன்னொரு பெரிய பள்ளம் 'அடுத்த திங்கட்கிழமை'. தமிழில் 'அன்று' தாராளமாகச் சேரும், ஆங்கிலத்திலோ எந்தப் பிரிப்பொசிஷனும் வராது. இந்த, அடுத்த, சென்ற, ஒவ்வொரு என்ற பொருளில் ஒரு சொல் கிழமைக்கோ மாதத்துக்கோ முன்னால் வந்துவிட்டால் அதுவே போதும் என்று ஆங்கிலம் நினைக்கிறது. நம் அரசியலமைப்பின் முகப்புரையில் 1949 நவம்பர் 26 என்ற தேதி வருகிறது. அதற்கு முன்னால் 'ஆன்' இல்லை, 'திஸ்' இருக்கிறது. முகப்புரை பல பாடநூல்களில் அச்சாகியிருக்கிறது. அந்த வரியைக் காட்டி நடத்தினால் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவைப்படாது. இன்று, நாளை ஆகியவற்றின் கதையும் இதுதான். 'டுடே', 'டுமாரோ' என்ற சொற்களுக்குள்ளேயே 'டு' என்ற பழைய பிரிப்பொசிஷன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியே இன்னொன்று வேண்டாம். தமிழிலும் 'இன்று அன்று' என்று சொல்ல முடியாது அல்லவா? அலுவலகக் கடிதங்களில் 'டேட்டடு ஆன்' என்று எழுதுவதும் இந்த வகைதான். 'டேட்டடு' என்றாலே போதும்.

இதுவரை சொன்னவை மதிப்பெண்ணையும் மதிப்பையும் பற்றியவை. இனிச் சொல்லப்போவது பணத்தையும் உரிமையையும் தொடும் பிழைகள். பள்ளியில் இவற்றுக்கு ஒரு வகுப்புகூட ஒதுக்கப்படுவதில்லை என்பது என் வருத்தம்.

'பத்தாம் தேதிக்குள் கொடு' என்பதும் 'பத்தாம் தேதி வரை வைத்திரு' என்பதும் ஒன்றல்ல என்று தமிழில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 'குள்' என்றால் அதற்குள் ஒருமுறை செய்து முடிக்க வேண்டியது. 'வரை' என்றால் அதுவரை தொடர வேண்டியது. ஆங்கிலத்தில் முன்னது 'பை', பின்னது 'டில்' அல்லது 'அன்டில்'. ஆனால் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கச் சொல்லும் கடிதங்களில் 'டில்' என்று எழுதியிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். ஆங்கிலம் அறிந்தவர் அதைப் படித்தால், வெள்ளிக்கிழமை வரை கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்களா என்று குழம்புவார். 'பை' என்பதில் அந்த நாளும் அடக்கம். 'பிஃபோர்' என்றால் அந்த நாள் அடக்கமில்லை. சந்தேகத்துக்கே இடம் வைக்கக் கூடாது என்றுதான் அரசுப் படிவங்களில் 'ஆன் ஆர் பிஃபோர்' என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள். பத்தாம் வகுப்பை முடிக்கும் பிள்ளை அந்த மூன்று சொல்லுக்கு அர்த்தம் தெரிந்து வெளியே போக வேண்டும்.

'மூன்று நாளில் அனுப்புகிறேன்' என்று தமிழில் சொன்னால், இன்றோ நாளையோ வந்தாலும் வரலாம் என்று எதிர்பார்ப்போம். ஆங்கிலத்தில் 'இன் த்ரீ டேஸ்' என்றால் பொதுவாக இன்றிலிருந்து மூன்றாம் நாள் என்றே பொருள். மூன்று நாளைக்குள் எப்போது வேண்டுமானாலும் என்று சொல்ல 'வித்தின்' இருக்கிறது. இங்கே தமிழின் 'இல்' ஆளை ஏமாற்றும், 'குள்' ஏமாற்றாது. சமையலறையில் உப்பும் சர்க்கரையும் ஒரே மாதிரி டப்பாவில் இருந்தால் பெயர் எழுதி ஒட்டுவோமே, அப்படி 'இன்', 'வித்தின்' இரண்டுக்கும் பிள்ளையின் மனத்தில் சீட்டு ஒட்டிவிடுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது 'ஃப்ரம்'. 'ஆகஸ்ட் 1 முதல் 30 நாள்' என்றால் தமிழர் ஒன்றாம் தேதியையும் சேர்த்து எண்ணி, 30-ஆம் தேதியில் முடிப்பார். 'முதல்' என்ற சொல்லே அந்த நாளைத் தலையாக வைத்துத் தொடங்குவது. இந்தியச் சட்டம் அப்படி எண்ணுவதில்லை. 1897-ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 9-ஆவது பிரிவின்படி, மத்தியச் சட்டங்களில் ஒரு நாள்தொடரின் முதல் நாளை விலக்க 'ஃப்ரம்' என்றும், கடைசி நாளைச் சேர்க்க 'டு' என்றும் எழுதினாலே போதும். 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம், 12-ஆவது பிரிவில், எந்த நாளிலிருந்து கணக்கு தொடங்குகிறதோ அந்த நாளை விட்டுவிடச் சொல்கிறது. ஆகஸ்ட் 1 அன்று வந்த ஆணைக்கு 30 நாள் அவகாசம் என்றால் எண்ணிக்கை 2-ஆம் தேதி தொடங்கி 31-ஆம் தேதி முடியும். ஒருநாள் கூடுதல். அந்த நாள் தெரியாமல், காலம் முடிந்துவிட்டது என்று கைகழுவுகிற எளிய மனிதர்களை நினைத்துப் பாருங்கள். கடைசி நாளில் அலுவலகமோ நீதிமன்றமோ மூடியிருந்தால் அடுத்த வேலைநாள் வரை செல்லும் என்று 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு சொல்கிறது; அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

ஆனால் 'வித் எஃபெக்ட் ஃப்ரம்', 'ஆஸ் ஃப்ரம்' என்று வந்தால் நம் 'முதல்' சரியாகப் பொருந்தும். அந்த நாளும் அடக்கம். 1947-ஆம் ஆண்டின் இந்திய விடுதலைச் சட்டம் ஆகஸ்ட் 15-ஐக் குறிக்க 'ஆஸ் ஃப்ரம்' என்றே எழுதியது. அந்த நாளிலேயே நாம் விடுதலை பெற்றவர்களானோம், மறுநாள் அல்ல. இதே 'முதல்' அன்றாட விதிகளிலும் வரும். காசோலை அதன் தேதியிலிருந்து மூன்று மாதம் வரைதான் செல்லும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி 2012 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ரயிலில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு தொடங்கும், பயண நாளை அதில் எண்ணக் கூடாது என்பது 2024 நவம்பர் 1 முதல் உள்ள விதி. இவையெல்லாம் பிள்ளைகளின் வீட்டில் நடமாடும் தேதிகள். கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சிக்கு யாரோ ஒரு ஜானும் மேரியும் திங்கட்கிழமை சந்தையில் பழம் வாங்க வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழ், ரயில் டிக்கெட், காசோலைத் தாள், தேர்வு நுழைவுச்சீட்டு ஆகியவற்றிலிருந்தே வாக்கியம் எடுக்கலாம்.

'சின்ஸ்', 'ஃபார்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. '2015-இலிருந்து' என்றால் 'சின்ஸ்'. 'மூன்று வருஷமாக' என்றால் 'ஃபார்'. 'இலிருந்து', 'ஆக' என்ற இரண்டு உருபுகளைப் பிள்ளை கலக்கவே கலக்காது. 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று எழுதுகிற பிள்ளையிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். 'மூன்று வருஷத்திலிருந்து இங்கே வேலை செய்கிறேன்' என்று அதற்கு வாய் வராது.

கைப்பேசியில் அமெரிக்கச் செய்திகளைப் படித்துவிட்டு, அங்கே கிழமைக்கு முன்னால் 'ஆன்' இல்லையே என்று கேட்கும் பிள்ளைகளும் இப்போது இருக்கிறார்கள். கேட்டால் பாராட்டுங்கள். அமெரிக்க இதழ்களில் அது வழக்கம்தான். 'மண்டே த்ரூ ஃப்ரைடே' என்று எழுதி வெள்ளிக்கிழமையையும் சேர்த்துக்கொள்வதும் அவர்கள் வழக்கம். மாதத்தை முன்னால் போட்டு நாளைப் பின்னால் போடுவதால் 05/04 என்பது அவர்களுக்கு மே 4, நமக்கு ஏப்ரல் 5. வெளிநாட்டுக்கு எழுதும்போது மாதத்தை எழுத்தால் எழுதிவிடுவதே நல்லது என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

நான் கேட்பதற்குப் புதிய புத்தகமோ பயிற்சி முகாமோ தேவையில்லை. அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது, ஆங்கில வாக்கியத்தைப் பலகையில் எழுதுவதற்கு முன் அதைத் தமிழில் முழுதாகச் சொல்ல வையுங்கள். விழுங்கிய உருபை வெளியே வரவழையுங்கள். விடைத்தாள் திருத்தும்போது 'இன்' என்பதைச் சுழித்து 'ஆன்' என்று எழுதுவதோடு விடாமல், ஓரத்தில் 'அன்று?' என்று தமிழில் ஒரு சொல் எழுதுங்கள். ஆங்கில விடைத்தாளில் தமிழா என்று மேலிருந்து யாராவது கேட்டால், பிள்ளைக்குப் புரிகிறது என்று பதில் சொல்லுங்கள். இந்தச் சோதனை பொய்த்துப்போகும் வாக்கியங்கள், நான் இங்கே சொன்னவை தவிர வேறும், உங்கள் வகுப்பில் நிச்சயம் கிளம்பும். அவற்றை ஒரு நோட்டில் குறித்துவைத்து, உங்கள் வட்டாரத்தில் ஆங்கிலம் நடத்தும் மற்ற ஆசிரியர்களோடும் பகிர்ந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவர்களின் கடிதங்களைத் திருத்துகிறவர்